கூதிர்கால மலைவழி

குறிஞ்சித் திணையை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றவன் நான். மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், அதற்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்றும், சிறுபொழுது யாமம் என்றும் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றேன். ஆயினும், உண்மையைச் சொல்வதானால், ஐம்பத்துநான்கு வயது வரையிற் கூதிர்காலத்து மலையை நான் கண்ணாற் கண்டதில்லை. பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில் அண்ணாந்து பார்க்கத்தக்கவை பனையும் கோபுரமுமே. கீரிமலை என்று பெயரளவில் ஒரு மலை உண்டு. அது கடலோரத்துச் சுண்ணக்கல் மேடு. கண்டிக்கு இருமுறை போனதுண்டு. போன அலுவல் முடிந்த கையோடு திரும்பிவிட்டேன். மலையைப் பாராமலே மலையைப் படிப்பித்த அந்தக் குறை 2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நீங்கியது. அதனோடு சேர்ந்து வேறொரு குறையும் நீங்கத் தொடங்கியது. அதனையே இங்கு எழுத விரும்புகின்றேன்.

தீபாவளியை மகள் வீட்டிற் கொண்டாடிவிட்டு ஊர் திரும்பிய நாள் அது. மகள் வாழ்வது தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில். விடியற்காலை ஆறு மணிக்கு மகன் வண்டியை ஓட்ட, நான் அவன் அருகிலும் இல்லாள் பின்னாசனத்திலுமாகப் புறப்பட்டோம். முதல்நாட் பிற்பகல் தொடங்கிய மழை இன்னும் விட்டபாடில்லை. மருமகன் குடை பிடித்துக்கொண்டு வண்டி வரையில் வந்தார். "றம்பொடை இறக்கத்துல மூட்டமா இருக்கும் மாமா. மச்சானை மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன். சொல்லவேண்டிய சொல் ஒன்று தொண்டை வரையில் வந்து நின்றுவிட்டது.

அந்தச் சொல்லின் வரலாற்றை மறைத்துவிட்டு மழையையும் மலையையும் மட்டும் வருணித்தல் நேர்மையாகாது. என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் உடன்பயின்ற ஒருவரை விரும்பினாள். அவர் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை, இன்று ஆசிரியர். அதனை அறிந்த அன்று நான் ஒரு சொல்லைச் சொன்னேன். மலையகத்து மக்களை இழித்துரைக்க எங்களூர் வாய்கள் வழங்கிவந்த சொல் அது, பத்திரிகையில் எழுதத்தக்கதன்று. சொல்லாராய்ச்சி செய்து சோறுண்பவன் வாயிலிருந்து அது வந்தது. மகள் அழவுமில்லை; வாதாடவுமில்லை. "சொல்லின் பொருளை அறிந்து வழங்கவேண்டும் என்று நீங்கள்தானே அப்பா படிப்பித்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். 2019 இல் திருமணம் நடந்தது. இல்லாள் போனாள், நான் போகவில்லை. பேத்தி பிறந்தபோதும் இல்லாள்தான் போனாள். பேத்திக்கு இரண்டு வயதாகி, தொலைபேசியில் என்னை "அம்மப்பா" என்று அழைக்கத் தொடங்கிய பின்னரே என் பிடிவாதம் தளர்ந்தது.

வண்டி நானுஓயாவைக் கடந்து நுவரெலியாவை நெருங்கியபொழுது வானம் எது, மலை எது என்று பிரித்தறிய முடியவில்லை. கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை, 2524 மீற்றர், ஊருக்கு அருகிலேயே நிற்கின்றது. ஆனால் அன்று அது இருந்த திசையையே மகன் கைநீட்டிக் காட்டவேண்டியதாயிற்று. மேகம் மலையிற் படிகின்றது என்று உரையாசிரியர்கள் எழுதியதை அணி என்று எண்ணியிருந்தேன். அது வெறும் செய்தி என்பது அங்கேதான் விளங்கியது. மேகம் வீதியைக் கடந்து, எதிர்ப்பட்ட வண்டியை விழுங்கிச் சிறிது நேரத்தில் வெளியே விட்டது.

இந்நாட்டு மழைக்கும் ஓர் ஒழுங்குண்டு. வைகாசி முதற் புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவை நனைக்கின்றது. மார்கழியும் தையும் வடகீழ்ப் பருவக்காற்றுக்கு உரியவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐப்பசி, கார்த்திகையில், பிற்பகலில் இடியோடு திரண்டு, நாடு முழுவதும் பெய்யும் இடைப்பருவ மழை வரும். எங்கள் இலக்கணம் கூதிர் என்று வகுத்த இரு திங்களும் இவையே. யாழ்ப்பாணத்தில் இம்மழை பெய்தாற் கிணறு நிறையும், வயல் நிமிரும் என்று மகிழ்வோம். மலையில் அதே மழையை மக்கள் வேறு செவியோடு கேட்கின்றார்கள்.

இலபுக்கலையைத் தாண்டிய பின் வீதி வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கியது. இருமருங்கும் தேயிலை. கத்தரித்து நிரை கட்டிய பச்சை, மேகம் விலகிய இடங்களில் மட்டும் கண்ணிற் பட்டது. அந்த மழையிலும் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பிற் படங்கு கட்டி, தலையிலிருந்து முதுகுக் கூடைவரையிற் பிளாஸ்திக்குத் தாள் போர்த்தி, வழுக்கும் சரிவில் ஒருகாலை முன்னும் மறுகாலைப் பின்னும் ஊன்றி நின்றார்கள். என் சம்பந்தி அம்மாவும் அந்நேரம் அப்படித்தான் ஒரு மலையில் நின்றிருப்பார். தீபாவளிக்கு மறுநாளே காலைப் பிரட்டுக்குப் போய்விட்டார். நாட்சம்பளம் அக்காலத்தில் ஆயிரம் ரூபா. அதுவும் 2021 இலேதான் அந்த அளவுக்கு உயர்ந்தது.

குறிஞ்சிக்குரிய கருப்பொருள்களை மனத்துள் எண்ணிப் பார்த்தேன். தெய்வம் முருகன், உணவு தினையும் மலைநெல்லும், பறை தொண்டகம், தொழில் தேனெடுத்தலும் தினைகாத்தலும் கிழங்கு அகழ்தலும். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கினார். அவற்றுள் தேயிலைக்கு இடமில்லை, இருக்கவும் நியாயமில்லை. இம்மலைகளிற் தேயிலை வாணிகப் பயிராக வேரூன்றியது 1867 இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரிற் பயிரிட்டபோது. அதற்கு முன் இங்கே கோப்பி. அதற்கும் முன் பெருங்காடு. கோப்பியை 1869 முதல் இலைத்துரு நோய் தாக்கி அழித்தது. காட்டை வெட்டியவரும், கோப்பியை நட்டவரும், அது அழிந்தபின் தேயிலையை நட்டவரும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழரே. கபிலர் பாடிய மலையின் வளம் பெரும்பாலும் தானே விளைந்தது. நான் கண்ட பச்சை, ஒரு முழம் விடாமல், மனிதர் கையால் விளைந்தது.

றம்பொடைக்கு மேலே ஒரு திருப்பத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேட்டிலிருந்து சிறிதளவு மண்ணும் கல்லும் சரிந்து வீதியின் பாதியை மூடியிருந்தன. மண்வெட்டியோடு ஐந்தாறு பேர் அகற்றிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் காத்திருந்தோம். எதிரே நூற்றொன்பது மீற்றர் உயரத்திலிருந்து விழும் றம்பொடை நீர்வீழ்ச்சியின் ஓசை மழையோசையையும் மீறிக் கேட்டது. அந்தக் காத்திருப்பில் முந்திய இரவு என் நினைவுக்கு வந்தது.

நள்ளிரவிலே விழிப்பு வந்தது. கூரைத் தகட்டில் மழை அறைந்துகொண்டிருந்தது. அந்த வீடு லயன் அறையன்று. ஏழு பேர்ச்சு நிலத்திற் கட்டிய தனிவீடு. சில ஆண்டுகளின் முன்னர்தான் கிடைத்தது. சம்பந்தியாரின் பெற்றோர் லயத்திற் பிறந்து லயத்திலேயே கண்மூடியவர்கள். முன்கதவு திறந்திருப்பதைக் கண்டு வெளியே வந்தேன். சம்பந்தியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் டோர்ச் விளக்கோடு திண்ணையிற் குந்தியிருந்தார். எழ முயன்றவரைக் கையமர்த்தி, நானும் அருகில் இருந்தேன்.

"நித்திரை வரவில்லையோ?" என்றேன்.

"மழை வலுத்தா தூங்கிறதில்லீங்க ஐயா. கேட்டுக்கிட்டிருக்கணும்."

"எதை?"

"தண்ணியைத்தாங்க. மேல கான்ல தண்ணி ஓடுற சத்தம் கேக்குற வரைக்கும் பயமில்லை. ஓடிக்கிட்டிருந்த தண்ணி திடீர்னு நின்னாலும், கலங்கி வந்தாலும் புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எறங்கிறணும்."

பிறகு அவர் மீரியபெத்தையைப் பற்றிச் சொன்னார். 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லாந்தைக்கு அருகே அத்தோட்டத்தின் லயன்கள் மண்சரிவிற் புதையுண்டதை நாங்களும் பத்திரிகையிற் படித்தோம், இரங்கினோம், அடுத்த செய்திக்குப் போனோம். அவருக்கோ அதன்பின் வந்த ஒவ்வொரு கூதிரும் கண்விழிப்பாகிவிட்டது. "பேத்தி உள்ள தூங்குதுங்க" என்று மட்டும் சொல்லி, மீண்டும் மலைப்பக்கம் செவியைத் திருப்பினார்.

குறிஞ்சிக்கு யாமம் ஏன் உரியதாயிற்று என்று மாணவர்களுக்கு நான் விளக்கியதுண்டு. கூதிர்காலத்து நள்ளிரவில் மழையையும் இருளையும் பொருட்படுத்தாது தலைவன் வருவான். வீட்டார் உறங்காமை அவனுக்கு இடையூறு. இதுதான் பாடம். அன்றிரவு என் பக்கத்தில் ஒருவர் உறங்காமலிருந்தார். உள்ளே உறங்கிய குழந்தை அவருக்கும் பேத்தி, எனக்கும் பேத்தி. அவளுக்காக அவர் இரண்டு ஆண்டுகளாக விழித்திருக்கின்றார். நான் நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் நிம்மதியாக உறங்கியிருக்கின்றேன். அவரைச் "சம்பந்தியார்" என்று ஒருமுறையேனும் முகம்பார்த்து அழைத்ததில்லை. அவரோ நொடிக்கொரு தரம் என்னை "ஐயா" என்கின்றார்.

வீதி திறந்தது. சுரங்கவழியைக் கடந்து, கொத்மலை நீர்த்தேக்கம் சாம்பல்நிறத் தகடுபோலக் கீழே தெரிய, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினோம். மழை தூறலாயிற்று. கம்பளையை அடைந்ததும் மகன், "அத்தான் சொன்ன இடம் இதுதான் அப்பா" என்றான். 1823 ஆம் ஆண்டு ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அண்மையிற் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். மலையகத் தமிழர் தம் வரலாற்றின் தொடக்கமாக அவ்வாண்டையே கொள்கின்றனர். இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர, 2023 ஆடி மாதம் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. யூலை 28 இற் தொடங்கி ஓகஸ்ட் 12 இல் முடிந்தது. தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். மருமகன் அதில் முழுவதும் நடந்தார். வீட்டுச் சுவரில் அதன் படம் ஒன்று மாட்டியிருந்தது: வெய்யிலிற் கறுத்த முகம், துணிசுற்றிய பாதம். அதன் முன்னே இரண்டு நாள் அமர்ந்து உண்டிருக்கின்றேன். ஏன் நடந்தீர்கள் என்று கேட்கவில்லை.

பேராதனை, கட்டுகஸ்தோட்டை கடந்து மாத்தளைக்கு வந்தோம். மலை அங்கே தாழ்ந்து தாழ்ந்து சமவெளியிற் கலக்கின்றது. முத்துமாரியம்மன் கோபுரத்தைக் கண்டதும் இல்லாள் வண்டியை நிறுத்தச் சொன்னாள், இறங்கி வணங்கினோம். கடல் கடந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே வாரக்கணக்கில் நடந்து, மலையேறுமுன் வந்துசேர்ந்த ஊர் இது. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலே வீழ்ந்தவர்களுக்குக் கல்லுமில்லை, பெயருமில்லை. பிழைத்தவர்கள் அம்மனை வணங்கி மேலே ஏறினார்கள். நாங்கள் வணங்கிக் கீழே இறங்கினோம். அவர்கள் வந்த வழியே எங்கள் வீடு செல்லும் வழி என்பது அப்போதுதான் என் மனத்திற் பட்டது. யாழ்ப்பாணத்தில் இதற்குக் கண்டி வீதி என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கு நடந்த நாள்முதல் அறிந்த வீதி. அதன் மறுதலை யாரால் மிதிக்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

தம்புள்ளைக்கு அப்பால் வானம் வெளித்தது. ஆனால் என் மனம் இன்னொரு மழைக்குப் போயிற்று. அதுவும் ஐப்பசி மழையே. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. இதே கண்டி வீதியில், நாவற்குழிப் பாலத்தில், மழையில் நனைந்த சனத்திரளினுள்ளே தாயாரின் கையைப் பற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஓரிரவும் மறுநாளின் பெரும்பகுதியும் நடந்த அந்நடையை இன்றும் வாய்நிறையச் சொல்லிக்கொண்டிருக்கின்றேன். கேட்பவர் கண்கலங்கவேண்டும் என்றும் எதிர்பார்க்கின்றேன். என் மருமகனின் முன்னோர் வாரக்கணக்கில் நடந்தார்கள். காட்டை மலைத்தோட்டமாக்கினார்கள். 1948 இற் குடியுரிமையை இழந்தார்கள். 1964 இல் இரு நாட்டு அரசுகள் செய்த ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சம்பந்தியாரின் தமையன்மார் இருவர் அப்படிப் போனவர்களே. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 வரையிற் சட்டம் செய்யவேண்டியிருந்தது. அந்நடையைப் பற்றி அவர் வீட்டில் ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கேட்காததே அதற்குக் காரணம்.

பிற்பகல் மூன்றரை மணியளவில் மதவாச்சிச் சந்தியிற் தேநீர்க் கடையொன்றில் நிறுத்தினோம். அங்கிருந்து இடப்புறம் பிரியும் வீதி தலைமன்னாருக்குப் போகின்றது. வந்தவர்கள் வந்ததும் அத்திசையால். அனுப்பப்பட்டவர்கள் போனதும் அத்திசையால். வெறுந்தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வீதியைப் பார்த்தபடி சிறிதுநேரம் நின்றேன். பிறகு மகனிடம் தொலைபேசியை வாங்கி மருமகனை அழைத்தேன்.

"தம்பி, மதவாச்சிச் சந்தியிலை நிக்கிறன். நீங்கள் இந்தத் திருப்பத்தாலைதானே நடந்து வந்தனீங்கள்?"

"ஆமாங்க மாமா. அந்தச் சந்தியிலதான் காலுக்குத் துணி சுத்தினேன்."

"தம்பி, நான் ஒருக்கால் ஒரு சொல்லுச் சொன்னனான். உங்கடை காதுக்கும் வந்திருக்கும். அது பிழை. சொல்லும் பிழை, சொன்னதும் பிழை."

அவர் உடனே மறுமொழி சொல்லவில்லை. பின்னணியிற் தகட்டில் விழும் நீரின் ஓசை கேட்டது. பேத்தி ஏதோ மழலை பேசினாள். பிறகு, "இங்க மழை கொஞ்சம் விட்டிருக்கு மாமா. நீங்க பத்திரமா போங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

"சம்பந்தியாரிட்டை ஒருக்காக் குடுங்கோ" என்றேன்.

அவர் வழக்கம்போல "ஐயா" என்று தொடங்கினார். "சம்பந்தியார்" என்று அழைத்து, தைப்பொங்கலுக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "அங்கே மலையில்லை, இரவு நீங்கள் நித்திரை கொள்ளலாம்" என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுவே முதன்முறை. அருகில் நின்ற இல்லாள் முந்தானையாற் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேநீர் ஆறுகின்றது என்றாள்.

வவுனியா கடந்து கிளிநொச்சி வந்தபொழுது இருட்டிவிட்டது. 1977 இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிற் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்கள் பிள்ளைகளும் எங்கள் வகுப்புகளில் இருந்திருக்கின்றார்கள். அவர்களுக்கும் நான் குறிஞ்சித்திணை படிப்பித்திருக்கின்றேன். மலையைக் கண்டவர்கள் அவர்கள், காணாதவன் நான். ஒருவரையாவது எழுப்பி, மலை எப்படியிருக்கும் என்று கேட்டேனா? ஆனையிறவின் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது இக்கேள்வி என்னோடு வந்தது. எட்டு மணியளவில் வீடு சேர்ந்தோம். வானத்தில் ஒரு முகிலுமில்லை.

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். நன்னனிடம் பரிசில் பெற்று மலைவழியே திரும்பும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தனுக்கு வழி சொல்கின்றான்: இங்கே வழுக்கும், இங்கே கல் உருளும், இந்த ஊரார் விருந்தோம்புவர் என்று. பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. அதன் இலக்கணத்தை இனிமேல் எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. என்னைப்போலக் குறிஞ்சியை ஏட்டிலே கண்ட ஆசிரியர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் உளர். அவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுவே: கண்டி வீதியாற் போங்கள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ போங்கள். மாத்தளையில் இறங்கிக் கும்பிடுங்கள். றம்பொடையில் மெதுவாக ஏறுங்கள். யாரேனும் ஒருவர் வீட்டில் ஓரிரவு தங்குங்கள். மழை வலுத்தால் எழுந்து திண்ணைக்கு வாருங்கள். அங்கே உங்களுக்கு முன்னரே ஒருவர் விழித்திருப்பார். அவர் அருகில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து கேளுங்கள்.

தைப்பொங்கலுக்கு அவர்கள் வந்தார்கள். சம்பந்தியார் முதல் இரவும் உறங்கவில்லை என்று இல்லாள் சொன்னாள். கிணற்றடியிற் துலா அசைந்த ஓசைக்கு எழுந்து வாசலில் இருந்தாராம். இரண்டாம் இரவு உறங்கினார்.